‘ட்ரையலுக்கு யாரும்மா காசு குடுப்பா?’

மேற்கு சிட்னியிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார். ஊரும் படிப்பும் கடையும் பிடிபடாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதத்தின் சுருக்கம் இது.

முதுகலை படிக்க வந்து ஏழு மாதம் ஆகிறது. பல்கலைக்கழக நூலகத்தில் வாரம் 8 மணி நேர வேலை இருக்கிறது. வாடகைக்கு அது போதவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ‘கிச்சன் ஹெல்ப்பர் தேவை’ என்று பார்த்து ஒரு தென்னிந்திய உணவகத்துக்குப் போனார். உரிமையாளர் நம் ஊர்க்காரர், ‘அண்ணா’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். ‘மூணு நாள் ட்ரையல் பாரு’ என்றார். வெள்ளி, சனி இரவு தலா 6 மணி நேரம், ஞாயிறு பகல் 5 மணி நேரம். முதல் அரை மணி நேரம் ஒருவர் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்தார். பிறகு வெங்காய மூட்டை, சாம்பார் அண்டா, ஆன்லைன் ஆர்டர் பொட்டலம் எல்லாம் இவர் தலையில். சனி இரவு தரையைக் கழுவிவிட்டு, கடையைப் பூட்டியதே இவரும் இன்னொரு மாணவரும்தான்.

அடுத்த ஐந்து வாரத்தில் மொத்தம் 90 மணி நேரம், மணிக்கு 15 டாலர், கையில் காசாக. மிக்ஸி ஜார் உடைந்ததற்கு 45 டாலர் பிடித்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டமில்லை என்று 40 நிமிடத்தில் திருப்பி அனுப்பினார்கள், அதற்கு ஒன்றும் தரவில்லை. ஐந்தாவது வாரக் கடைசியில் ‘அண்ணா, அந்த ட்ரையல் மூணு நாள் காசு?’ என்று கேட்டிருக்கிறார். ‘ட்ரையலுக்கு யாரும்மா காசு குடுப்பா? நாளையிலேர்ந்து நீ வரவேணாம்’ என்று குரல்பதிவு வந்தது. குழுவிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். மறுநாள் இன்னொரு பதிவு: ‘நீ 48 மணி நேரத்துக்கு மேல வேலை பாத்திருக்க. இமிக்ரேஷனுக்கு ஒரு போன் போட்டா என்ன ஆகும் தெரியுமில்ல?’

‘தப்பு என் மேலதான் சார். பேப்பர் எதிலும் கையெழுத்துப் போடாமல் போனேன். கேஷுவலுக்கு, அதாவது நிரந்தரமில்லாமல் கூப்பிடும்போது மட்டும் வேலைக்கு வருகிறவருக்கு, உரிமை கிடையாது என்கிறார்கள். தினமும் சாப்பாடு போட்டார்கள், அதை மறந்து புகார் கொடுப்பது நன்றிகெட்டத்தனம் இல்லையா?’ என்று முடித்திருக்கிறார். பின்குறிப்பு ஒன்றும் உண்டு; அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வழக்கமாக ‘அன்புள்ள தங்கைக்கு’ என்று தொடங்குவேன். இந்த முறை வேண்டாம். உங்கள் விஷயத்தில் உறவுமுறை ஏற்கெனவே அளவுக்கு மீறி வேலை பார்த்துவிட்டது.

சாப்பாட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் உங்களைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான். நானும் இங்கே வந்த புதிதில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குச் சூடாக ஒரு தட்டு சோறும் ரசமும் நீட்டுகிறவரிடம் மறுநாள் சம்பளக் கணக்குக் கேட்க நாக்கு எழாது. முகதாட்சண்யம் என்று இதற்கு நம்மிடம் ஒரு சொல்லே இருக்கிறது. ஆனால் தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்று சொன்னவர்களும் நம்மவர்கள்தான். சோற்றுக்கு நன்றி சொல்லுங்கள். சம்பளம் தனிக் கணக்கு.

ட்ரையல் எதுவரை ட்ரையல்?

ஆஸ்திரேலியாவில் சம்பளமில்லாத ட்ரையல் முழுக்கச் சட்டவிரோதம் என்று சிலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது சரியில்லை. ட்ரையல் என்றாலே இலவசம் என்று உங்கள் முதலாளி சொல்வதும் சரியில்லை. ஒருவருக்கு அந்த வேலை தெரியுமா என்று பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் மட்டும், அதுவும் ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, வேலையைச் செய்து காட்டச் சொல்லலாம். அதற்குச் சம்பளம் தர வேண்டியதில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் அது வேலை. வேலைக்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு.

தோசை மாஸ்டர் வேலைக்கு வருபவரிடம் ‘நாலு தோசை ஊத்திக் காட்டுங்க’ என்றால் அது சோதனை. அந்த நாலு தோசையும் வாடிக்கையாளர் தட்டுக்குப் போய், பிறகு நானூறு தோசை ஊற்றவைத்தால் அது வெள்ளிக்கிழமை ராத்திரி வியாபாரம். வெங்காயம் நறுக்கத் தெரியுமா, பாத்திரம் கழுவத் தெரியுமா என்று கண்டுபிடிக்க 17 மணி நேரம் தேவையில்லை. அரை மணி நேரத்துக்குப் பிறகு உங்களை யாரும் மேற்பார்க்கவும் இல்லை. சாவியைக் கையில் கொடுத்துக் கடையைப் பூட்டச் சொன்ன ஆளை ‘இன்னும் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்’ என்று எந்த முதலாளியும் ஒரு நடுவர் முன்னால் நின்று சொல்வது கஷ்டம். உங்கள் கடிதத்திலேயே பலமான வரி அந்தப் பூட்டைப் பற்றியதுதான். நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

ஆளைப் பற்றி நிச்சயமில்லை, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று அவர் நினைத்திருந்தால் அதற்கும் வழி உண்டு: தகுதிகாண் காலம் என்று சொல்லி, சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்வது.

கையெழுத்து இல்லை, பே ஸ்லிப் இல்லை

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால் உரிமை இல்லாமல் போகாது. ‘வா’ என்றார், போனீர்கள், வேலை செய்தீர்கள், காசு கொடுத்தார். ஒப்பந்தம் அத்தோடு உருவாகிவிட்டது. கேஷுவலுக்கு உரிமை கிடையாது என்பது நம்மவர்கள் வாய்வழியாகவே பரப்பிய கதை. சம்பளத்துடன் ஆண்டு விடுப்பும் சம்பளத்துடன் நோய் விடுப்பும் கேஷுவலுக்கு இல்லை, அது உண்மை. அதற்கு ஈடாகத்தான் அடிப்படைச் சம்பளத்தின் மேல் 25 சதவீதம் கூடுதல். 2025 ஜூலை 1 முதல் தேசியக் குறைந்தபட்சம் மணிக்கு 24.95 டாலர், கேஷுவலுக்கு 31.19. உணவகத் தொழிலுக்கென்று இருக்கும் ‘அவார்ட்’ என்கிற சம்பள ஆணையில், புதிதாகச் சேர்பவர்களின் அறிமுக நிலைக்கு இது கொஞ்சம் குறையும், சனி ஞாயிறுக்குக் கூடும். கணக்குப் போட எளிதாக, உங்களுக்குப் பாதகமாகவே வைத்துக்கொண்டு, 30 டாலர் என்று கொள்கிறேன்.

ட்ரையல் 17 மணி நேரத்துக்கு 510. பிறகு வேலை செய்த 90 மணி நேரத்தில் மணிக்கு 15 டாலர் குறைத்துக் கொடுத்ததற்கு 1,350. திருப்பி அனுப்பிய செவ்வாய்க்கிழமைக்கு 60, ஏனென்றால் இந்த அவார்டில் கேஷுவல் ஆளை வரவழைத்தால் குறைந்தது 2 மணி நேரச் சம்பளம் தர வேண்டும், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும். மிக்ஸி ஜார் 45. நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல், உங்கள் நன்மைக்கென்று இல்லாமல், சம்பளத்தில் கைவைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மொத்தம் 1,965 டாலர். வார இறுதிக் கூடுதலைச் சேர்த்தால் இன்னும் ஏறும். 12 சதவீத ஓய்வூதியப் பங்கு தனி. இங்கே ‘சூப்பர்’ என்பார்களே, அதுதான். 400 டாலருக்குச் சற்றுக் குறைவாக வரும். அது வராவிட்டால் வரித் துறையிடம் சொல்ல வேண்டும்.

பே ஸ்லிப் இல்லையே, எப்படி நிரூபிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சம்பளம் கொடுத்து ஒரு வேலை நாளுக்குள் பே ஸ்லிப் கொடுப்பதும், மணிக்கணக்கை ஏழு வருடம் பத்திரப்படுத்துவதும் அவர் கடமை. அவர் அதைச் செய்யாதபோது, ‘இந்தப் பெண் இத்தனை மணி நேரம் வேலை செய்யவில்லை’ என்று நிரூபிக்கும் சுமையை நீதிமன்றம் அவர் தலையிலேயே வைக்கலாம். அதற்காக நீங்கள் சும்மா இருந்துவிட முடியாது. ஷிஃப்ட் கேட்டு வந்த செய்திகள், ஓப்பல் கார்டில் பதிவான பஸ், ரயில் நேரங்கள், போனில் கூகுள் மேப்ஸ் வைத்திருக்கும் இடக்குறிப்பு, சமையலறையில் எடுத்த ஒரு செல்ஃபி, ‘இப்பத்தான் வேலை முடிஞ்சுது’ என்று அம்மாவுக்கு அனுப்பிய செய்தி: எல்லாம் சாட்சி. இன்றிரவே ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், கையில் வந்த தொகை என்று எழுதிவிடுங்கள். குழுவிலிருந்து நீக்கினாலும் பழைய செய்திகள் உங்கள் போனில்தான் இருக்கின்றன. குழுவை அழித்துவிடாதீர்கள்.

அவருக்கு போன் போட்டு ரகசியமாகப் பதிவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நியூ சௌத் வேல்ஸில் தனிப்பட்ட பேச்சை எதிராளிக்குத் தெரியாமல் பதிவு செய்வது பொதுவாகக் குற்றம். அவராகவே அனுப்பிய குரல்பதிவு வேறு. அது உங்களுக்கு வந்த கடிதம் மாதிரி. அவரே ஆதாரத்தைத் தயாரித்துக் கையில் கொடுத்திருக்கும்போது நீங்கள் ஏன் சிரமப்பட வேண்டும்?

இதில் நீங்கள் சரிசெய்ய வேண்டிய ஒன்றும் இருக்கிறது. கையில் காசாகச் சம்பளம் வாங்குவது தவறில்லை, அதை வரிக்கணக்கில் காட்டாமல் விடுவதுதான் தவறு. அந்த 1,300 சொச்சம் டாலரை உங்கள் வருடக் கணக்கில் காட்டிவிடுங்கள். எதிர்த்தரப்பு முதலில் கிளறுவது அதைத்தான்.

48 மணி நேரப் பூச்சாண்டி

உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இதுதான் என்று தெரிகிறது. மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு 2023 ஜூலையிலிருந்து இருக்கிறது. விடுமுறைக் காலத்துக்கு வரம்பில்லை. அந்த இரண்டு வாரம் திங்கட்கிழமை தொடங்கி 14 நாள். ட்ரையல் வாரத்தையும் அடுத்த வாரத்தையும் சேர்த்துப் பார்த்தேன்: ட்ரையல் 17, மறுவாரம் கடையில் 18, நூலகம் 16. ஆக 51. மூன்று மணி நேரம் கூடுதல். அதற்குப் பிந்தைய வாரங்கள் விடுமுறையில் விழுவதால் அவை இந்தக் கணக்கில் வராது.

இங்கே ஒரு வேடிக்கை. ட்ரையலைக் கழித்தால் 34தான் வருகிறது. அதாவது, சம்பளம் கேட்கும்போது ‘அது வேலையே இல்லை’ என்கிற அந்த 17 மணி நேரத்தை, மிரட்டும்போது மட்டும் வேலையாக எண்ணுகிறார். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இமிக்ரேஷனிடம் இந்த வாதத்தையே நம்பிப் போகாதீர்கள். சம்பளம் வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து மட்டும் அவர்கள் வேலையைக் கணக்கிடுவதில்லை.

நம்ப வேண்டியது வேறு. விசா நிபந்தனை மீறப்பட்டிருந்தாலும் சம்பள உரிமை போகாது என்று 2023இல் சட்டத்திலேயே தெளிவாக எழுதிவிட்டார்கள். 2024 ஜூலை 1 முதல், ஒருவரின் விசா நிலையைக் காட்டி வேலையிடத்தில் அவரைப் பணியவைப்பது முதலாளி தரப்பில் குற்றமாகலாம். அந்த இரண்டாவது குரல்பதிவு உங்களைவிட அவருக்குத்தான் ஆபத்து. அதே மாதத்தில் இன்னொரு பாதுகாப்பும் வந்தது: வேலையிடச் சுரண்டலோடு தொடர்புடைய நிபந்தனை மீறலுக்காக விசாவை ரத்து செய்யாமல் இருக்க வழி. அது தானாகக் கிடைத்துவிடாது. அரசு அமைப்போ அங்கீகாரம் பெற்ற சட்ட மையமோ தொழிற்சங்கமோ உங்கள் புகாருக்குச் சான்று தர வேண்டும், இனி நிபந்தனைப்படி நடப்பதாக நீங்களும் உறுதி தர வேண்டும். நான் வேலைச் சட்டக்காரன். இந்த ஒரு பகுதிக்கு மட்டும் குடிவரவுச் சட்டம் பார்க்கும் வழக்குரைஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். ரெட்ஃபர்ன் சட்ட மையத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்றே இலவச, ரகசியமான சேவை இருக்கிறது. ‘எனக்குத் தெரிஞ்ச ஏஜென்ட் அண்ணா ஒருத்தர்’ என்று யாராவது வந்தால், பதிவு எண் கேளுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

இரண்டு தனித்தனிப் பிரச்சினைகளை ஒன்றாகக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள். வராத சம்பளம் ஒன்று, வேலையை விட்டு நிறுத்தியது இன்னொன்று. சம்பளத்துக்கு ஆறு வருடம் வரை அவகாசம் இருக்கிறது. நிறுத்தியதற்கு 21 நாள்தான்.

அநியாயப் பணிநீக்கம் என்று வழக்குப் போடலாமா என்று கேட்டீர்கள். முடியாது. அதற்குக் குறைந்தது ஆறு மாதம், 15 பேருக்குக் குறைவான சிறு கடையென்றால் ஒரு வருடம், வேலை பார்த்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்திலேயே இன்னொரு கதவு உண்டு. தன் சம்பளத்தைப் பற்றிக் கேட்டதற்காக ஒருவரை நிறுத்துவது ‘பொதுப் பாதுகாப்பு’ விதிகளுக்கு எதிரானது. அதற்கு ஐந்து வாரம் போதும், ஒரு நாள்கூடப் போதும். கேட்டதற்காக நிறுத்தவில்லை என்று நிரூபிக்க வேண்டியவர் அவர். ‘கேஷுவல்தானே, ஷிஃப்ட் இல்லை, அவ்வளவுதான்’ என்று அவர் வாதாடுவார். பல வழக்குகளில் அது எடுபடவும் செய்யும். உங்கள் விஷயத்தில் காசு கேட்ட அதே பதிலில் ‘நாளையிலேர்ந்து வரவேணாம்’ என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். விண்ணப்பம், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயமான ஃபேர் வொர்க் கமிஷனுக்கு. கட்டணம் 100 டாலருக்குள். கஷ்டம் என்றால் தள்ளுபடி கேட்கலாம். பெரும்பாலும் போனிலேயே ஒரு சமரசப் பேச்சு நடக்கும். உங்கள் கடிதம் வந்தபோது 12 நாள் போயிருந்தது. அதனால் இந்தப் பத்தியை மட்டும் அன்றே உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன்.

சம்பளத்துக்கு முதலில் ஒரு செய்தி. கோபம் வேண்டாம், ‘அண்ணா’வை எடுக்கவும் வேண்டாம்:

‘அண்ணா, வணக்கம். மூன்று நாள் ட்ரையலில் 17 மணி நேரமும், அதன் பிறகு 90 மணி நேரமும் வேலை செய்தேன். சட்டப்படியான சம்பளத்தில் குறைந்தது 1,965 டாலர் பாக்கி வருகிறது, கணக்கை இணைத்திருக்கிறேன். 14 நாளுக்குள் என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். ஏதாவது தவறென்றால் எழுத்தில் சொல்லுங்கள்.’

இவ்வளவு போதும். ‘இல்லாவிட்டால் போலீஸ், ஜெயில்’ என்று ஒரு வார்த்தையும் வேண்டாம். வேண்டுமென்றே சம்பளத்தைக் குறைப்பது 2025 ஜனவரி 1 முதல் கிரிமினல் குற்றம்தான். ஆனால் அதைக் காட்டிக் காசு கேட்டால், மிரட்டுகிறவர் நீங்களாகிவிடுவீர்கள். உங்கள் தோழி சொன்ன மாதிரி கடைப் பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதுவதும் இப்போது வேண்டாம்; அவதூறு வழக்கு என்று அவர் திருப்பிப் பிடித்துக்கொள்வார்.

பதில் வராவிட்டால், சம்பளப் புகார்களைப் பார்க்கும் அரசு அலுவலகமான ஃபேர் வொர்க் ஆம்புட்ஸ்மன், 13 13 94. இதற்கும் கமிஷனுக்கும் பெயர்தான் ஒரே மாதிரி, அலுவலகம் வேறு. தமிழில் பேச வேண்டுமென்றால் 13 14 50 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, அவர் வழியாகவே இணைப்பு வாங்கலாம். சேவை இலவசம். ஆனால் ஒவ்வொருவருக்காகவும் அவர்கள் நீதிமன்றம் ஏற மாட்டார்கள். அங்கும் தீராவிட்டால் நீதிமன்றத்தின் சிறு உரிமைக்கோரல் பிரிவு: 1,00,000 டாலர் வரை, வழக்குரைஞர் இல்லாமல் நீங்களே பேசலாம், ஜெயித்தால் கட்டிய கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம். மாதக்கணக்கில் இழுக்கும். தேர்வு நேரத்தில் இது தேவையா என்று நீங்கள் யோசித்தால் அதுவும் நியாயமான யோசனை. ஆறு வருட அவகாசம் அதற்குத்தான். வழக்குக்கு முன்பே கோயிலிலோ பொங்கல் விழாவிலோ அவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டிவரும், நாலு பேர் உங்களைப் பற்றிப் பேசுவார்கள் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டத்தில் இதற்கு நிவாரணம் இல்லை.

இப்போது பின்குறிப்பு. நேற்று உரிமையாளரின் மனைவி கூப்பிட்டு, ‘கோவிச்சுக்காதம்மா, அவர் ஏதோ டென்ஷன்ல பேசிட்டார். வெள்ளிக்கிழமை வா, பேசிக்கலாம்’ என்றாராம். போகலாமா என்று கேட்கிறீர்கள்.

போகலாம். ஆனால் கடை நேரத்தில் போகாதீர்கள். பேச்சு முடிவதற்குள் கையில் ஏப்ரன் வந்துவிடும். மத்தியானம் மூன்று, நான்கு மணி வாக்கில், ஒரு தோழியோடு போங்கள். பாக்கியைத் தந்தால் வங்கி வழியாகத் தரச் சொல்லுங்கள். ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன், இனி கோரிக்கை இல்லை’ என்ற தாளை நீட்டினால், வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். திரும்ப வேலைக்குக் கூப்பிட்டால், மணிக்கு எவ்வளவு, எந்தெந்த நாள், பே ஸ்லிப் உண்டா என்று செய்தியில் எழுதி வாங்கிய பிறகு சரி சொல்லுங்கள். நூலக மணி நேரத்தையும் சேர்த்து 48க்குள் நிற்கிறதா என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த அம்மா கூப்பிட்டதால் 21 நாள் கணக்கு நின்றுவிடவில்லை. வெள்ளிக்கிழமை பேச்சு எப்படிப் போனாலும், விண்ணப்பப் படிவத்தை வியாழனுக்குள் நிரப்பி வைத்துவிடுங்கள்.